லோமே – அக்ரா

நூற்றெழுபது கிலோமீற்றர்.
பறந்தால் ஐம்பது நிமிடம்.
மாங்குளத்தில் பஸ் ஏறியவர்
தம்புள்ளையில் தேத்தண்ணி குடித்துவிட்டு
இன்னும் கொஞ்சம் போகிற தூரம்.

லோமேயிலிருந்து இவர் எடுத்தது ஒரு செவ்வாய்.
'இஞ்சையும் கச்சான் அவிச்சு விக்கினம் தர்மினி,
எங்கட அளவுக்கு உப்பில்லை.
நாளைக்கு அக்ரா' என்றார்.
அதற்கங்கால் எங்கே என்று
ஏஜென்சிக்காரன் அவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்.
போகிறவர் மணிக்கூட்டைத் திருப்பத் தேவையில்லை.
எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்தித்தான் அங்கே விடியும்.
சுவர் மணிக்கூட்டை அன்றைக்கு அந்த நேரத்துக்கு வைத்தேன்,
பிறகு மாற்றவில்லை.
பள்ளிக்கூட வான் வந்து ஹோர்ன் அடித்தால்
மகள் ஓடுவாள்;
சுவரில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றரை.

கச்சேரியில் படிவம் தந்தார்கள்.
கடைசியாக இருந்த இடம்?
இரண்டு ஊரையும் எழுதி
நடுவில் ஒரு கோடு போட்டேன்.
'ஒண்டை வெட்டுங்கோ அக்கா' என்றான் கிளாக்கர் பெடியன்.
பேனை அவனுடையது, மை வரவில்லை,
உதறி உதறிப் பார்த்தேன்.

கோடு
கால் அங்குலம்கூட இல்லை.
ஏழு வருசமாக அதில்தான் இருக்கிறார்.