மூன்று விரல் அகலம்

ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
பழைய இரும்புக் கடையில்
எடைக்கு எடுத்தேன் அந்த பிஸ்கட் டப்பாவை.
உள்ளே ஏழு ரோல்.
ஐந்தில் வெறும் ஸ்பூல்.
ஒன்றைக் கரப்பான் தின்றிருந்தது.
மிச்சம் ஒன்று
நாக்கில் நனைத்து ஒட்டிய பட்டையோடு
இன்னும் இறுக்கமாக.

பட்டையில் பென்சில் எழுத்து, தெலுங்கு.
சுப்பாராயுடு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தான்:
"ராள்ளு. கல்லுங்க, மேடம்."
ரோலுக்குள்ளே கல்லா?
"எளுதினவன் எளுதிட்டான். நான் படிச்சிட்டேன்."

கம்பெனிப் பெயர் ஈரத்தில் கரைந்திருந்தது.
கலரா, கருப்புவெள்ளையா,
எந்த வருஷத்து மருந்து, எவ்வளவு வேகம்,
எதற்கும் பதில் இல்லை.
நான் எக்ஸ்ரேக்காரி.
என் பிலிம் சிவப்பு பல்புக்குப் பயப்படாது.
இது சிவப்புக்கும் கூசுகிற ஜாதி.
கதவிடுக்கில் வார்டு போர்வையைத் திணித்து
முழு இருட்டில் உட்கார்ந்தேன்.

மருந்து எந்தப் பக்கம்?
கீழுதட்டில் வைத்தால்
ஒட்டுகிற பக்கம்.
ஒட்டியது.
பழைய தபால்தலை ருசி.

முதலில் கைக்கு வருவது முடிவு.
எடுத்து முடித்த சுருளில் அப்படித்தான்,
கடைசிப் படம் வெளியே,
முதல் படம் நடுவில்.
தெரிந்தேதான் கத்தரித்தேன்
மூன்று விரல் அகலம், சோதனைக்கு.
ஒன்று போனால் பதினொன்று பிழைக்கும்.
ஆஸ்பத்திரிக் கணக்கு.

சித்திரை மாசம்.
குழாயில் முப்பத்தாறு டிகிரி.
இருபதுக்கு இறக்க
ஆற்றுப் பாலத்தடி மீன்கார அமலோற்பவத்திடம்
பத்து ரூபாய்க்கு ஐஸ்.
டெவலப்பரில் சங்கரா வாசனை.

பத்து நிமிஷம் கழித்து
துண்டை மட்டும் விளக்கடியில் பிடித்தேன்.
ஆரஞ்சு இல்லை.
சாம்பல்.
கருப்புவெள்ளைதான்,
ஓரங்களில் மட்டும் மூட்டம்,
நடுவில் உருவம்,
இன்னும் ஒன்றரை நிமிஷம் தாங்கும்.
சீட்டில் குறித்தேன்: பதினொன்றரை.
துண்டைத் தொட்டியோரம் வைத்தேன்.
ஹைப்போவில் போடவில்லை.
சோதனைத் துண்டுதானே.

பிறகு முழு ரோல்.
குலுக்கு, காத்திரு, குலுக்கு.
மருந்து கொட்டி, ஹைப்போ ஊற்றி, கழுவி
குளுக்கோஸ் ஸ்டாண்டில் தொங்கவிட்டேன்.
நுனியில் கனத்துக்கு ஒரு பூட்டு.

கல்.
வரப்பில் ஒரு கல்.
ஓடை மணலில் பாதி புதைந்த கல்.
எருமை கட்டிய கல்.
யாரோ மஞ்சள் பூசிக் கும்பிட்டிருந்த கல், அதற்கு மட்டும் இரண்டு படம்.
ஒவ்வொன்றிலும் வெட்டிய எண்,
இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் புல்.

சுப்பாராயுடு ஏழாவதில் விரல் வைத்தான்.
"இது சத்தியவேடு ரோட்ல,
பஞ்சர் கடைக்குப் பின்னாடி.
இப்ப அதுமேல
தண்ணி கேன் வெச்சிருக்காங்க."

கடைசியில்,
நான் வெட்டிய இடத்துக்குக் கீழே,
ஒருவன் நிற்கிறான்.
கழுத்திலிருந்து பாதம் வரை.
சட்டைப் பையில் பென்சில்.
கையில் சங்கிலியின் ஒரு முனை.
டயர்ச் செருப்பில் ஒன்று கல்லுக்கு அந்தப் பக்கம்,
ஒன்று இந்தப் பக்கம்.
பதினொரு படம் எடுத்த அலுப்பில்
கேமராவை யாரிடமோ கொடுத்து
என்னையும் ஒன்று எடு என்றிருப்பான்.

தொட்டியோரம் ஓடினேன்.
கழுவாத துண்டு
கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் சுருண்டிருந்தது.
ஹைப்போவில் போட்டேன், இப்போது.
எதையும் திருப்பித் தரவில்லை.

உருவம் என்று சொன்னேனே,
அது முகம்.
அரை நிமிஷம் என் கண்ணுக்கு நேரே இருந்தது.
நான் பார்த்தது சாம்பலை.

"மூஞ்சி பாத்தீங்களா, மேடம்?"
பார்த்தேன் என்றேன்.
"எப்படி இருந்தாரு?"
மருந்து
நல்லாப் பிடிச்சிருந்தது.