நாற்பது நிமிடம்

செகெட் நகரில் பிப்ரவரி.
டீசா ஆற்றில் பனிப்பாளங்கள்
முண்டியடித்துக்கொண்டு தெற்கே போகின்றன.
இரவு இரண்டே கால்.
வெப்பமூட்டு நிலையத்திலிருந்து ஒட்மார் அழைக்கிறான்:
"கிங்கா, தார்யான் குடியிருப்பு முழுக்கக் கொதிக்கிறது.
முன்னிரவில் விறைத்துக் கிடந்தது.
வால்வைத் திறந்தால் குளிர்கிறது, மூடினால் சுடுகிறது.
எனக்கும் இதற்கும் ஏதோ ஜென்மப் பகை."

அவள் கேட்டது ஒன்றுதான்:
கிணற்றடியிலிருந்து கடைசிக் கட்டடம் வரைக்கும்
தண்ணீர் எவ்வளவு நேரம் நடக்கும்?

நாற்பது நிமிடம்.

"உன் திரையில் தெரிவது ஒரு எண்.
குழாய்க்குள் ஓடுவதோ உன் கையின்
நாற்பது நிமிடப் பதற்றம்.
அது மொத்தமும் வந்து சேரட்டும்.
அதுவரை கையைச் சட்டைப்பையில் வை."

போனை வைத்துவிட்டுத் தாளுக்குத் திரும்பினாள்.
அவள் எழுதிக்கொண்டிருந்ததும் இதைத்தான்,
கொஞ்சம் விலை கூடிய சொற்களில்:
நிலை என்பது புள்ளி அல்ல, சோடி.
இப்போது என்கிற ஒன்று,
அதன் முதுகில் ஒட்டிய கடந்த காலத்தின் நாடா ஒன்று.
நாடாவின் ஒவ்வொரு கணத்திலும்
ஒரு சுவரின் முழு வெப்பம்.
எண்ணி மாளாத பரிமாணங்கள்.
காலம் செய்வதெல்லாம்
நாடாவை இடப்பக்கம் இழுத்து
வலது ஓரத்தில் ஒரு இழை சேர்ப்பது.

மூன்று நிமிடம் இழுத்து, பிறகு இரண்டு இழுத்தால் ஐந்து.
இழுக்காமல் விட்டால் இருந்தது இருந்தபடி.
இவ்வளவுதான் சட்டம்.
குலத்தில் பிறந்தவர்க்குத் திரும்பிப் போக வழியுண்டு;
இது அரைக்குலம்.
வெதுவெதுப்பான பின் தண்ணீரிடம் போய்
உன்னில் எந்தத் துளி சுட்டது என்று கேட்க முடியாது.

பக்கம் பதினேழு.
சார்பகத்துக்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்:
நாடாவின் வலது முனை
இப்போதைத் தொட்டே ஆகவேண்டும்.
ஓரத்தில் மதிப்பீட்டாளரின் பென்சில்: "ஏன்?"
"வெளிப்படை" என்று எழுதினாள்.
அடித்தாள்.

நவம்பரில், மாலை நான்கு பத்துவரை
ஜோம்போர் இருந்தான்.
நான்கு பத்தில் இல்லை.
மைக்ரோவேவ் மேல் சாவி.
இடப்பக்க எல்லை ஒன்று,
மதிப்பு வேறொன்று.

தொடர்ச்சியான சார்புகளின் வெளி
அவளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.
அதைவிடப் பெரிய வெளி ஒன்று இருக்கிறது.
இப்போதுக்குத் தனி நாற்காலி,
கடந்ததற்குத் தனி நாற்காலி.
இரண்டும் முகம் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை.
ஒற்றைப் புள்ளியில் நடந்ததை அங்கே
யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.
நான்கு பத்து என்கிற நொடியின் அளவை
பூச்சியம்.
(இந்த வரியில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.)

அங்கேயும் தீர்வு உண்டு.
மென்தீர்வு என்று பேர்.

பிளவு இடப்பக்கமாய் நகரும்,
நிமிடத்துக்கு ஒரு நிமிடம்,
கெஞ்சினாலும் அதைவிட வேகமில்லை.
தாமதம் முழுக்கக் கழிந்ததும்
நாடாவின் இடது ஓரத்தில் விழுந்துபோகும்.
அப்புறம் நாடா தொடர்ச்சி.
பிளவு தொட்ட கணங்களின் விளைவு மட்டும்
அடுத்தடுத்த கணங்களுக்குள் கரைந்து ஓடும்.
தேற்றம் 4.2. நிறுவியாயிற்று.
தன் தாமதம் எத்தனை நாள் என்பது
தாளில் எங்கும் இல்லை.

நிபந்தனையை எடுத்துவிட்டு
பதினேழாம் பக்கத்தை முதலிலிருந்து எழுதினாள்.
இரண்டு ஐம்பதுக்குப் போன் அதிர்ந்தது.
"கை வைக்கவே இல்லை," என்றான் ஒட்மார்,
ஏதோ களவு செய்தவன் குரலில்.
"இங்கே எல்லாம் அடங்கிவிட்டது. அங்கே?"

அவள் வீடு தார்யானில், கடைசிக் கட்டடத்தில்.
எட்டி ரேடியேட்டரைத் தொட்டாள்.
சுட்டது.
இரண்டு பத்தின் சூடு.