அரைப் பேர்

கிழமையில் ஆறு நாள்
தோட்டத்துச் செக்ரோல் என் கையில்.
ஏழாம் நாள் டிக்கட் புத்தகம்.
இரண்டிலும் வேலை ஒன்றுதான்:
வந்தது எத்தனை, வராதது யார்.

இன்று மஸ்கெலியாக்காரர்களோடு ஆட்டம்.
டிக்கட் ஐம்பது ரூபாய்,
ஒரு ரோல்ஸை விட மலிவு.
மூன்று மணிவரை கிழித்தது ஒன்பது.
அதில் இரண்டு
மழைக்கு ஒதுங்க வந்தவை.

கீழே டவுனில்
சலூன் டீவிக்கு முன்னால் நாற்பது பேர்.
ஒருநாளும் போகாத ஊர்களின் பெயர் முதுகில்.
என் மகன் நிரோஜனும் அங்கேதான்.
கடலுக்கு அப்பால் ஒரு கோல்காப்பாளனின்
முழங்கால் சவ்வு கிழிந்தது வரை
அவனுக்குத் தெரியும்.
எங்கள் கோல்காப்பாளன்
மேற்பிரிவு லயத்தில் இருக்கிறான்.
அவனுக்கும் முழங்கால் வீக்கம்தான்.
நான் ஏசவில்லை.
அங்கே மழை பெய்தால்
இங்கே இவன் நனையப் போவதில்லை.

எங்கள் மைதானத்துக்கு வேலி கிடையாது.
சரிவின் பக்கம் சனம் நிற்கும்,
நெருக்கி, மூன்று வரிசை.
அதுதான் வேலி.
யாரோ ஒருவர் நெஞ்சில், தொடையில் பட்டு
பந்து தானாக உள்ளே திரும்பும்.
இப்போது சரிவின் பக்கம்
யோகம்மாவும் அவர் குடையும்.
பந்து போனால்
ஏழாம் நம்பர் மலைவரை போகும்.
ஒருவன் இறங்கி ஏறும்வரை
மற்ற இருபத்தொரு பேரும்
இடுப்பில் கைவைத்து நிற்பார்கள்.

யோகம்மாவின் பிள்ளை யாரும் ஆடவில்லை.
புருஷன் பந்தைத் தொட்டதே இல்லை.
ஏன் வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.
"போன கெழமையும் வந்தேனே" என்றார்.

அந்தோனிதாஸ் ஏசுவதற்கென்றே வருகிறவன்.
மத்தியஸ்தரை, கோச்சை,
கோடு கீறிய சுண்ணாம்பை.
தொண்டை கட்டும்வரை ஏசிவிட்டு
அடுத்த ஆட்டம் எப்போது என்பான்.
இவனுக்கு ஓவர்டைம் போட வேண்டும்.

இடைவேளை. மூன்றுக்குப் பூச்சியம்.
மூவர் எழும்பிப் போனார்கள்.
பழக்கதோஷம், கை தானாக எழுதியது:
அரைப் பேர்.
அரைப் பேர்.
அரைப் பேர்.

லீக் காரியாலயம் நூறு தலை கேட்கிறது.
இல்லாவிட்டால் வருகிற வருஷம்
பந்தும் இல்லை, பஸ் காசும் இல்லை.
செயலாளர் குனிந்து காதில் சொன்னார்:
"பக்கத்துல ஒரு பூச்சியத்த போடுங்க கிளாக்கர்."
"தொண்ணூறுதானே வருது?"
"அப்ப ஒங்களையும் சேத்துக்குங்க."

சரிதான்.
பதினாறு வருஷம் வாசலில் இருந்து
நான் எனக்கு டிக்கட் கிழித்ததில்லை.
ஐம்பது ரூபாயைப் பெட்டியில் போட்டேன்.
பத்து என்று எழுதினேன்.
இருந்த பூச்சியமே போதும்.

எழுபதாம் நிமிடம் மூட்டம் இறங்கியது.
முதலில் கோல் கம்பம் போனது,
பிறகு கோல்காப்பாளன்.
உதைக்கும் சத்தம் மட்டும் மிச்சம்.
யோகம்மா சத்தத்துக்குக் கைதட்டினார்,
ஐந்தாவது கோலுக்கும்.
அது எங்களுக்கு விழுந்தது.
பிறகு பந்து எங்கோ போனது.
தேடினோம்.
பந்து இல்லாமலே விசில் ஊதி முடித்தார்கள்.

திங்கட்கிழமை, மாலை நிறுவை.
செவனம்மாவின் கூடையில்
கொழுந்துக்கு அடியில் பந்து.
நானூற்று முப்பது கிராம் கழித்தேன்.
"பொறுக்குனதுக்குக் கூலி?"
"ஞாயித்துக்கெழம சும்மா வாங்க, டிக்கட் வேணாம்."
"செயிப்பீங்களா?"
தராசு முள் ஆடி நிற்கும்வரை பார்த்தேன்.
"இல்ல."
"அப்ப காசு குடுத்தே வாரேன்" என்றாள்
படங்கை உதறிக் கட்டியபடி.
"சும்மா வந்தா ஏச ஏலாது."