மூடி

அகலம் நாலு அங்குலம், உயரம் பதினாலு.
காலண்டர் மாதிரி மேலே தூக்கிப் புரட்ட வேண்டும்.
"இது எந்த அலமாரீல நிக்குமுங்க?" என்றார்
பல்லடம் ரோட்டு அச்சகத்து நாச்சிமுத்து.
நிற்காது.
போர்க்குழியை யார் அலமாரியில் வைக்கிறார்கள்?

எழுத்து அதிகமில்லை.
அட்டையில், உள்ளங்கைத் தேங்காய்
எழுந்து நின்ற இடத்தில், ஓர் ஓட்டை.
ஐந்து ரூபாய்க் காசளவு.
அதே ஓட்டை அதே இடத்தில் எல்லாத் தாளிலும்.
ஒரு புரட்டலுக்கு நூறடி.

செம்மண்ணுக்குப் பழுப்புத் தாள்.
ஓடைக்கல்லுக்கு, பனியன் வெட்டுத்துணியை ஊறவைத்து அரைத்த தாள்;
தடவினால் நூல் பிசிறு நெருடும்.
பாறைக்கு உப்புத்தாளே வைக்கலாமென்றேன்.
"கத்தி போயிருமுங்க."
சொரசொர அட்டைக்கு இறங்கி வந்தேன்.
எழுநூறில் வெண்புழுதி: பட்டர் பேப்பர்,
அடுத்த பக்கம் தெரிந்தும் தெரியாமலும்.
ஆயிரத்து இருநூறில் கறுப்பு.
அதற்குக் கீழேயும் கறுப்பு.
லாரி போய்விட்டது என்று ஒரு வரி.

புத்தகத்தை மூடினால் மறுபடி அட்டை.
ஓட்டை திறந்தே கிடக்கும்.
பக்கத்தில் சிவப்பாய் ஒரு காகித நாக்கு,
மடித்துச் சாத்த.
அதைச் சாத்தினால்தான் கதை முடியும்.

கையால் ஒட்டணும், ஒன்றுக்கு ஒரு ரூபாய் நாற்பது காசு.
"மூவாயிரம் காப்பி. மூடிய விட்டுட்டா
நாலாயிரத்து எரநூறு மிச்சமுங்க."
"போர் போட்டவங்களும் அப்படித்தானுங்க நெனச்சிருப்பாங்க."
நாச்சிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
வெகுநேரம்.

முதல் மாதிரியை ஒட்டியவர் துளசிமணி.
பள்ளி விட்டு வந்த அவர் மகள் கனிஷ்கா
ஒரு சட்டைப் பித்தானை ஓட்டையில் போட்டாள்.
பதினைந்து தாள் தாண்டித் தரையில் 'டக்'.
பொறுக்கினாள். போட்டாள். டக்.
மூன்றாம் முறை பித்தான்
மெஷினுக்கு அடியில் ஓடிவிட்டது.

அப்புறம்தான் மூடியைச் சாத்தினாள்.
அது நிமிர்ந்தது.
மறுபடி அழுத்தினாள், மறுபடி நிமிர்ந்தது.
தாளுக்கும் நார் ஓடும் திசை உண்டு.
குறுக்கே வெட்டியிருந்தேன், என் பிழை.

கட்டைவிரலை வைத்து அழுத்தியபடி உட்கார்ந்துகொண்டாள்.
போண்டா வந்தது, டீ வந்தது,
துளசிமணி இரண்டு தரம் கூப்பிட்டார்.
"கையெடுத்தா தெறந்துக்குதம்மா."

தாளைத் திருப்பி வெட்டினால் படிந்து நிற்கும்,
திருப்பச் சொல்லட்டுங்களா என்கிறார் நாச்சிமுத்து.
நாளைக் காலை பிளேட் ஏறுகிறது.
நான் இன்னும் பதில் சொல்லவில்லை.