நாற்பத்தொன்றாம் உருளை

ஜூலைக் கடைசியில் ஒரு புதன், ஒரு வியாழன்.
கூண்டு போட்டுப் பிழைப்பவர்களுக்குக் கடல் திறக்குமுன்
விடுமுறைக்காரர்களுக்கு இரண்டே நாள் திறக்கும் சிங்கி இறால் வேட்டை.

செவ்வாய் இரவே இஸ்லமொராடாவின் ஒற்றைச் சாலையில்
படகுகள் சக்கரத்தில் ஏறி வந்து நிற்கின்றன,
ஒன்றின் மூக்கு மற்றதன் முதுகில் உரச.
ஜார்ஜியா, ஒஹையோ, எங்கெங்கோ எண்பலகைகள்.
பதினொரு மாதம் கராஜில் கிடந்த முகமூடிக்குள்
சிலந்தி குடியிருந்திருக்கும்.
ஊதிவிட்டு மாட்டிக்கொள்வார்கள்.

என் வேலை காற்று விற்பது.
சிரிக்காதீர்கள், ரசீது தருகிறேன்.
காலி உருளைகளில் மூவாயிரம் பவுண்டு அழுத்தம் ஏற்றி
தோளில் சாக்பீஸால் எண் போடுவேன்.
போனதும் வந்ததும் நோட்டுப்புத்தகத்தில்.
இந்த ஆண்டு எழுபத்திரண்டு.

நாற்பத்தொன்றை எடுத்தவர் வெர்னன் ஹஃப்.
வயது அறுபத்துமூன்று என்று படிவத்தில் எழுதினார்.
இதய நோய் உண்டா என்ற வரியில்
பேனா சற்று நின்றது.
பார்த்தேன்.
பிறகு 'இல்லை' கட்டத்தில் ஒரு கோடு.
அவர் பின்னால் பன்னிரண்டு பேர்.
கம்ப்ரசர் அலறிக்கொண்டிருந்தது.
"அடுத்து" என்றேன்.

பாலத்துக்குக் கிழக்கே அந்தப் பாறைத் திட்டின்மேல்
எத்தனை படகு என்று எண்ணப் பார்த்தாராம்
ரோந்துக்காரர் வெண்டெல் பிண்டர்.
முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுக்
கத்தத் தொடங்கினாராம்:
கொடியைப் பார்! கொடியைப் பார்!
சிவப்பின் குறுக்கே வெள்ளைப் பட்டை.
கீழே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.
முந்நூறு அடிக்குள் ஊர்ந்துதான் வர வேண்டும்.
ஆனால் எல்லாப் படகிலும் அதே கொடி.
எந்தக் கொடிக்கு ஊர்வது, எந்தக் கொடிக்கு விலகுவது?

ஒரு பெண்ணின் வலது துடுப்பைப் படகின் விசிறி நறுக்கிவிட்டது.
ரப்பர் மட்டும். விரல்கள் தப்பின.
வலதுகாலுக்கு மட்டும் ஒன்று விற்பீர்களா என்று
மத்தியானம் கடைக்கு வந்து கேட்டாள்.
சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.
கை மட்டும் கவுண்டரின் விளிம்பை விடவில்லை.
ஜோடியாகத்தான் விற்போம் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

சிங்கி இறாலுக்குக் கடிக்கும் கொடுக்கு கிடையாது.
முள் முதுகு, நீண்ட உணர்கொம்பு,
பின்பக்கமாகவே பாய்ந்து தப்பும் பழக்கம்.
வாலைக் குச்சியால் சீண்டினால் பொந்திலிருந்து முன்னால் வரும்,
வலை அதன் பின்னால் காத்திருக்கும்.
ஆளுக்கு ஆறு.
ஆறாவதுக்காக ஒருவர் எத்தனை முறை குனிவார்,
எவ்வளவு மூச்சை அடக்குவார் என்பதற்கு
படிவத்தில் கட்டம் இல்லை.

இரவு ஒன்பதரை. நோட்டில் எழுபத்தொன்று.
வெண்டெல் உள்ளே வந்தார்,
தோளில் ஈரமாக ஓர் உருளை.
சாக்பீஸ் பாதி அழிந்திருந்தது. ஒன்று மட்டும் மிச்சம்.
உங்களுடையதா என்றார்.
முள்ளைப் பார்த்தேன். இரண்டாயிரத்து நூறு.
நான் ஏற்றிய காற்றில் முக்கால்வாசி
அப்படியே உள்ளே இருந்தது.

காற்றைச் சோதிக்க வேண்டும், நோட்டும் வேண்டும் என்றார்.
கொடுத்தேன்.
போகாமல் நின்றார்.
அவர் பையில் நாலு இருந்தன, என்றார்.
மனைவி துண்டைப் போர்த்திப் படகில் உட்கார்ந்திருந்தாள்.
நான் அளவுகோலை எடுத்து அளந்தேன்.
ஏன் அளந்தேன் தெரியவில்லை.
இரண்டு, மூன்று அங்குலத்துக்குக் குறைவு.
தண்ணீரில் விட்டேன்.
அவள் அவை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழன். நாலு மணிக்கே வரிசை.
நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.
கைலாகுச் சட்டை போட்ட ஒருவர்,
கழுத்தெல்லாம் வெயில் கொப்புளம்,
அதே வரியில் பேனாவை நிறுத்தினார்.
கம்ப்ரசரை அணைத்தேன்.
பின்னால் யாரோ கெட்ட வார்த்தை சொன்னான்.
அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
படகுத்துறையில் ட்ரெய்லர் சங்கிலிகள் கிலுங்கின.

அவரும் 'இல்லை' என்றுதான் போட்டார்.
விசையைத் தட்டிவிட்டு
உருளையை என் பக்கம் இழுத்தேன்.