அறுபத்தொன்று

படகிலிருந்து இறங்கிய நெய்டே
முதலில் கேட்டது முடியைத்தான்.
பின்கழுத்தில், தோலை ஒட்டி,
தீக்குச்சி கனத்துக்கு ஒரு கற்றை.
நூலால் கட்டி உறையில் போட்டு
மேலே எழுதினாள்: அறுபத்தொன்று.
வல்தெனீரா என்று எழுத இடமிருந்தது.
பெயர் ரகசியமாம்.
தபஜோஸின் இந்த வளைவில் மொத்தம் முப்பது வீடு,
எல்லா வீட்டுக்கும் ஒரே படித்துறை.

மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளருமாம் முடி.
தின்றதெல்லாம் அதில் ஏறி உட்காருமாம்.
மீனைத் தின்னும் மீனைத் தின்றால்
அது சேர்த்துவைத்த பாதரசமும் நமக்காம்.
துக்குனரேயைக் குறையுங்கள்,
பழம் தின்னும் பாக்கு மீன் நல்லது என்றாள்.
வலையிடம் சொல்லிப் பாருங்கள் என்றேன்.

பாதரசம் என்றதும்
எல்லோரும் மேலாற்றைக் கைகாட்டினோம்.
பொன் அரிக்கிறவர்கள் அங்கேதானே.
அவள் எதிர்க்கரைச் சரிவைக் காட்டினாள்.
மரவள்ளி நட
என் புருஷன் வெட்டி எரித்த சரிவு.
அந்த மண்ணிலும் இருந்ததாம், ஆதியிலிருந்தே.
வேர்கள் விடாமல் பிடித்திருந்தனவாம்.
வேர் போனதும் மழை இறக்கி
ஆற்றிடம் கொடுத்துவிட்டதாம்.
ஒஸ்மரீனோ தொப்பியைக் கழற்றி
உள்ளே பார்த்தான்,
பதில் அங்கே கிடப்பதுபோல.

ஆறு வற்றும் பருவத்தில் திரும்பி வந்தாள்.
என் முடி ஒரு கோடாகியிருந்தது தாளில்.
ஏறி, ஏறி,
ஒன்பதாவது சென்டிமீட்டரில்
சட்டென்று பள்ளம்.
"இந்த மாதம் என்ன சாப்பிட்டீர்கள்? பழமா?"
கேட்கும்போதே பழம் என்று எழுதத் தயாராய் இருந்தது பேனா.

பழம்தான்.
வலை கிழிந்த மாதம் அது.
நூல் வாங்கக் காசில்லை,
கடைக்காரர் கடன் நோட்டை மூடிவிட்டார்.
எரிக்காமல் விட்ட பழங்கொல்லையில்
முள்மரத்தடியில் துக்குமா பொறுக்கினோம்,
காலையும் அதுதான், இரவும் அதுதான்.
எலிசியோ பல்லெல்லாம் மஞ்சளாய்
அழுதுகொண்டே தின்றான்.
துக்குமா என்பதை எழுதிக்கொண்டாள்.
பசி என்று ஒரு கட்டம்
அவள் தாளில் இல்லை.
பிறகு என்ன நினைத்தாளோ,
ஓரத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கினாள்.
எனக்குப் படிக்கத் தெரியாது, கேட்கவும் இல்லை.

அந்தப் பழங்கொல்லையை
இந்த வருஷம் எரிப்பதாக இருந்தது.
எரிக்கவில்லை.
ஆராய்ச்சிக்காக இல்லை, மழை முந்திக்கொண்டது
என்கிறான் ஒஸ்மரீனோ.
தீப்பெட்டி உத்தரத்தில் காய்ந்துதான் இருக்கிறது.
சரிவின் ஓரமாய் அவன் நட்ட
நாலு அசாய் கன்றைப் பற்றி
நானும் கேட்கவில்லை.

நேற்றுத் தலை வாரும்போது
பின்கழுத்தில் வெட்டிய இடம் விரலைக் குத்தியது.
இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறது.
அதில் ஒரு துக்குனரே உண்டு.
பெரியது, எலுமிச்சை பிழிந்து,
என் தங்கை அக்கரையிலிருந்து வந்த நாளில்.
மறைக்கப்போவதில்லை.
வரட்டும், அளக்கட்டும்.