நோர்ம்

சோதனைக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில்
நோர்ம் அட்டவணை.
பேராதனையில் அதை மனப்பாடம் செய்திருந்தேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரி. சாத்தினாலும்
பனி உள்ளே வரும் ஜன்னல்.
தவமலர், நாற்பத்தொன்று,
விரல் நுனிகளில் கழுவிப் போகாத கறுப்பு.

"முன்பு மகிழ்ந்து செய்தவற்றில்
நாட்டம் குறைந்துள்ளதா?"
"முன்னன்னா எப்ப, புள்ள?"
அதற்குக் கட்டம் இல்லை.

"தோற்றுப்போனவராக உணர்கிறீர்களா?"
"நோர்ம் எடுக்காத நாளைக்கு."
பேனா நின்றது.
"பதினெட்டுக் கிலோ. கொறஞ்சா அரைப்பேரு.
அதுலயும் தண்ணிக்கின்னு ரெண்டு,
சாக்குக்கின்னு ஒண்ணு கழிச்சிப்புடுவாங்க."

என் தாளில் கூட்டல் மட்டும்தான்.
முப்பத்திரண்டு வந்தது.
அதில் ஒரு கிழமை மழை எத்தனை,
சம்பளச் சிட்டை எத்தனை,
எங்கோ ஒரு மேசையில் யாரோ
'நாட்டம்' என்று மொழிபெயர்த்தது எத்தனை?
சாக்கின் எடை பற்றி
கையேடு ஒன்றும் சொல்லவில்லை.

எட்டிப் பார்த்த ஹேரத் மிஸ் கேட்டார்:
"வெட்டுப்புள்ளி தாண்டியதா?"
"தாண்டிருச்சு, மிஸ்."
நுவரெலியா மாவட்ட வெட்டுப்புள்ளியை
மயிரிழையில் தாண்டி வந்தவள் நான்.

மருந்துச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு
தவமலர் வாசலில் திரும்பினார்.
"புள்ள எந்தத் தோட்டம்?"

பரிசோதகர் தன்னைப் பற்றிச் சொல்லலாகாது,
விதி நான்கு.
ஆனால் நான் விதியை நினைக்கவில்லை.
"கண்டி" என்றேன்.

என் முகத்தை ஒருதரம்
நிறுத்துப் பார்த்தார்.
ஒன்றும் கழிக்கவில்லை.